பாடாதே, சொல்லு

விவால்டியை உங்களுக்குத் தெரியும். பெயர் தெரியாவிட்டாலும் காதுக்குத் தெரியும். வங்கிக்கு போன் போட்டு, ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று எல்லாம் முடிந்தபிறகு காத்திருக்க வைப்பார்களே, அப்போது ஓடுகிற வயலின் பல நேரம் அவருடையதுதான். 1725-ல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான 'நான்கு பருவங்கள்'. மூன்று நூற்றாண்டு தாண்டி இன்று லிப்டிலும் கல்யாண விருந்திலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த இசையை எழுதியவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் என்று சொன்னால் என் நண்பர்கள் பாதிப் பேர் நம்புவதில்லை. அந்தோனியோ விவால்டி 1678-ல் வெனிசில் பிறந்தார். 1703-ல் குருப்பட்டம் பெற்றார். 1741-ல் வியன்னாவில் இறந்தார். இந்த எண்களுக்குப் பக்கத்தில் இன்னொரு பாதிரியாரின் எண்களை எழுதிப் பார்க்கலாம். 1676-ல் கோவாவின் திவார் தீவில் பிறப்பு. 1700-ல் குருப்பட்டம். 1742-ல் இலங்கையின் போலவத்தையில் இறப்பு. பெயர் யாக்கோமே கொன்சால்வேஸ்.

ஏறக்குறைய ஒரே ஆயுள். விவால்டியின் முதல் இசைத்தொகுதி வெனிசில் அச்சானது 1705-ல். அதே 1705-ல்தான் கொன்சால்வேஸ் கடல் தாண்டித் தலைமன்னாரில் இறங்கினார். இருவரும் சந்தித்ததில்லை, ஒருவர் பெயரை மற்றவர் கேள்விப்பட்டிருக்கவும் வாய்ப்பில்லை. இருந்தாலும் இருவரையும் நான் சேர்த்தே நினைக்கிறேன். காரணம், இருவரும் ஒரே விஷயத்துக்குக் குரல் கொடுத்திருக்கிறார்கள்: மகன் சாவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஒரு தாய். இன்னொரு காரணம் எங்கள் வீடு. அதைப் பிறகு சொல்கிறேன்.

விவால்டியின் அப்பா முடிதிருத்துபவராக இருந்து வயலின் கலைஞரானவர். வெனிசின் புனித மாற்கு பேராலயத்தில் வாசித்தார். மகனுக்குச் சிவந்த தலைமுடி. அதனால் ஊரில் அவருக்கு 'சிவப்புப் பாதிரியார்' என்றே பெயர். பட்டம் பெற்ற அதே ஆண்டில் 'பியெத்தா' என்ற ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்தில் வயலின் ஆசிரியராகச் சேர்ந்தார். பிறந்ததும் கைவிடப்பட்ட குழந்தைகள் வளர்ந்த இடம் அது. அங்கிருந்த பெண்கள் கோயிலின் மாடத்தில் கம்பித் தடுப்புக்குப் பின்னால் நின்று பாடுவார்கள், வாசிப்பார்கள். ஐரோப்பா முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்து கேட்டார்கள். முகம் சரியாகத் தெரியாது. குரல் மட்டும் வரும்.

பட்டம் பெற்ற கொஞ்ச காலத்திலேயே விவால்டி பூசை வைப்பதை நிறுத்திவிட்டார். மார்பு இறுக்கம் என்றார். 1737-ல் எழுதிய கடிதம் ஒன்றில், நோய் தாங்காமல் மூன்று முறை பூசையைப் பாதியில் விட்டுப் பீடத்திலிருந்து இறங்கவேண்டி வந்தது என்கிறார். நோய் ஒரு சாக்கு என்று சொன்னவர்களும் உண்டு. அதே ஆண்டு பெராரா நகரத்து கர்தினால் அவரை ஊருக்குள் விடவில்லை. பூசை வைக்காத பாதிரியார், கூடவே ஒரு பாடகியோடு நட்பு என்று இரண்டு குற்றச்சாட்டுகள். இழுப்பு உள்ள ஒருவரோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள் நான். ஒரு நீண்ட வாக்கியத்தை மூச்சு விடாமல் முடிக்க முடியுமா என்று பயப்படுகிறவர்களின் முகம் எனக்குத் தெரியும். விவால்டி சொன்னதை நம்புகிறேன்.

கொன்சால்வேஸ் போன இடத்தில் பாதிரியாராக இருப்பதே ஆபத்து. டச்சுக்காரர்கள் 1656-ல் கொழும்பையும் 1658-ல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். அவர்கள் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தினார்கள். ஒளித்து வைப்பவர்களுக்கு மரண தண்டனை என்று அறிவித்தார்கள். கரையோரத்துத் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்குப் பல ஆண்டுகள் பூசையில்லை, பாதிரியார் இல்லை. 1687-ல் யோசப் வாஸ் அடிகளார் கோவாவிலிருந்து பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து, மறைந்து மறைந்து வேலையைத் தொடங்கினார். 2015-ல் கொழும்பில் போப் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தது இவரைத்தான். இவருடைய சபையிலிருந்து, இவருக்குத் துணையாக வந்தவர் கொன்சால்வேஸ்.

சிங்களத்திலும் தமிழிலும் அவர் எழுதியவற்றைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. அகராதிகள், வேத வரலாறு, விவாத நூல்கள், புலம்பல்கள். சிங்களக் கத்தோலிக்க இலக்கியத்தின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றிச் சிங்களத்தில் ஒன்பது பிரசங்கங்கள், தமிழில் ஒன்பது பிரசங்கங்கள். தமிழில் உள்ளதற்கு 'வியாகுலப் பிரசங்கம்' என்று பெயர். மன்னார், யாழ்ப்பாணக் கரையோரங்களில் தவக்காலம் வந்தால் இதுதான்.

பிரசங்கம் என்ற பெயரைப் பார்த்துப் பாதிரியார் மேடையில் நின்று பேசுவது என்று நினைக்கவேண்டாம். இது ராகம் போட்டு வாசிக்கிற உரைநடை. கேட்ட மாத்திரத்தில் ஒப்பாரி என்று தெரியும். வாசிப்பவர் ஊரில் ஒருவராக இருக்கலாம், குருவாக இருக்கத் தேவையில்லை. இதில்தான் அந்த மனிதரின் கெட்டிக்காரத்தனம் இருப்பதாக நான் நினைக்கிறேன். கைவிட்டு எண்ணக்கூடிய குருக்கள், பரந்த கரை, பின்னால் டச்சு அதிகாரிகள். பெரிய வெள்ளிக்கு ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பாதிரியார் போக வழியே இல்லை. பாதிரியார் இல்லாமலேயே நடக்கக்கூடிய ஒரு சடங்கு வேண்டும். ஒரு ஓலைக்கட்டும், வாசிக்கத் தெரிந்த ஒருவரும், அழத் தெரிந்த ஒரு கூட்டமும் இருந்தால் போதும். அழத் தெரிந்தவர்களுக்கு நம் ஊர்களில் என்றைக்கும் பஞ்சமில்லை.

கோவாவின் பங்குப் பள்ளிகளில் அந்தக் காலத்திலேயே மேற்கத்திய இசை சொல்லிக்கொடுத்தார்கள். அந்த உலகத்தில் வளர்ந்தவருக்கு ஐரோப்பியக் கோயில் இசை அந்நியமாக இருந்திருக்காது. ஆனால் அவர் எழுதிய புலம்பல், செத்த வீட்டில் பெண்கள் பாடுகிற ராகத்தில் போய் உட்கார்ந்தது. கத்தோலிக்கர்களுக்கும் சைவர்களுக்கும் மீன்பிடிக்கிறவர்களுக்கும் வயலில் நிற்கிறவர்களுக்கும் பொதுவான ராகம் அது. யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி இத்தாலியில் இருக்கிற பிரேசியா என்ற ஊருக்குப் போகலாம். விவால்டியின் அப்பா பிறந்த ஊர். அங்கே 'சமாதான மாதா' கோயில் ஒன்று இருக்கிறது. 1712-ல் வியாகுல மாதா திருநாளுக்காக அந்தக் கோயிலார் விவால்டியிடம் ஒரு பாடல் கேட்டார்கள். அவர் எழுதிக் கொடுத்ததுதான் 'ஸ்தாபாத் மாத்தர்'. சிலுவையடியில் நிற்கும் தாயைப் பற்றிய பழைய லத்தீன் பாடலுக்கு அவர் போட்ட இசை. அந்தக் கோயிலை நடத்தியவர்கள் புனித பிலிப்பு நேரியின் வழிவந்த ஓரட்டோரியன் குருக்கள். யோசப் வாஸும் கொன்சால்வேஸும் கோவாவில் சேர்ந்தது அதே பிலிப்பு நேரியின் வழியில் அமைந்த சபையில்தான். 'ஓரட்டோரியோ' என்ற இசை வடிவத்துக்கே பெயர் வந்தது ரோமில் பிலிப்பு நேரி கூட்டிய செபக்கூடத்திலிருந்து. ஆக, சாமானிய ஜனங்களைப் பாட்டால் செபத்துக்கு இழுக்கலாம் என்று நம்பிய ஒரே மரபின் ஒரு கிளை பிரேசியாவில் விவால்டியிடம் வந்து நின்றது. இன்னொரு கிளை மன்னார்க் கரையில் ஓலை எழுதியது.

'ஸ்தாபாத் மாத்தர்' ஒன்பது பகுதிகள் கொண்டது. ஒரே ஒரு ஆல்டோ குரல், கூடச் சில தந்திக் கருவிகள், அவ்வளவுதான். 'நான்கு பருவங்கள்' மாதிரி ஓட்டம் எதுவும் இல்லை. முழுக்கவே மெதுவாகத்தான் போகும். முதல் மூன்று பகுதிகளின் இசை, வேறு வார்த்தைகளோடு நாலு, ஐந்து, ஆறாம் பகுதிகளில் அப்படியே திரும்ப வரும். ஏழாவது பகுதியில் அடியில் ஓடிய கனத்த ஒலி நின்றுவிடும். மேலே வயலின்கள் வெட்டி வெட்டி அடிக்க, குரல் தரையில்லாமல் தொங்கும். ஒரு மெட்டைத் திரும்பக் கொண்டுவந்ததை அவசரத்தில் செய்த வேலை என்று ஒருவர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. துக்கம் நடந்த வீட்டில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், அழுகை புதிது புதிதாக மெட்டுக் கட்டிக்கொண்டு வராது. ஒரே சுற்றில்தான் சுற்றும். வார்த்தை மட்டும் மாறும்: அவன் நடந்தது, அவன் சாப்பிட்டது, அவன் கடைசியாகக் கேட்டது.

இதை நான் முதலில் கேட்டது ஜார்ஜ் டவுனில், எங்கள் ஃபிளாட்டில், காதில் ஹெட்போன் போட்டுக்கொண்டு. நான் பாடும் ஆங்கிலக் காயரில் விவால்டியின் 'குளோரியா'வைப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தோம். அதே ஆளின் வேறு பாட்டு என்று யூடியூப் அதுவாகவே அடுத்ததை ஓட்டியது. ஐந்து நிமிடத்தில் ஹெட்போனைக் கழற்றிவிட்டு அம்மாவிடம் போய், "அம்மம்மா வாசிப்பாவே, அது எப்படி ஆரம்பிக்கும்?" என்று கேட்டேன். அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "இப்ப என்னத்துக்கு அது? இது தவக்காலமா?"

பினாங்கில் கத்தோலிக்கக் கோயில் இசை என்றால் எத்தனையோ வகை. ஃபார்க்குவார் ஸ்ட்ரீட்டில் இருக்கும் பழைய விண்ணேற்பு மாதா ஆலயத்தில் குழாய் ஆர்கன் இருக்கிறது. பினாங்கு ரோட்டின் புனித சவேரியார் ஆலயம் தமிழர்களுக்கென்று எழுந்தது. மெக்காலிஸ்டர் ரோட்டில் சீனக் கத்தோலிக்கர்கள் தொடங்கிய ஆலயத்துக்குப் பெயரே வியாகுல மாதா. ஆங்கிலம், தமிழ், மாண்டரின், மலாய் என்று ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இந்தத் தீவு பல மொழிகளில் பாடுகிறது. ஆனால் எங்கள் குடும்பத்தின் தவக்கால இசை எந்தக் கோயிலிலும் இல்லை, முன்வீட்டு ஹாலில் இருந்தது.

அம்மம்மாவின் அப்பா யாழ்ப்பாணம் குருநகரில் பிறந்தவர். புனித பத்திரிசியார் கல்லூரியில் படித்து, ஆங்கிலம் தெரிந்த எல்லா இளைஞர்களையும் போல மலாயாவுக்குக் கப்பல் ஏறினார். ரயில்வேயில் கிளார்க் வேலை. பிறை ஸ்டேஷனில் வேலை, தீவில் வீடு, நடுவில் தினமும் ஃபெரி. அவர் கொண்டுவந்த பெட்டியில் ஒரு வியாகுலப் பிரசங்கப் புத்தகம் இருந்ததாம். அதை யாரோ இரவல் வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தரவில்லை. ஆனால் அதற்கு முன்பே அம்மம்மா முழுவதையும் ஒரு கொப்பியில் கையால் எழுதி வைத்திருந்தார். நீல மையில் எழுத்து, சிவப்புப் பென்சிலில் குறிகள். மூச்சு எடுக்கிற இடத்தில் ஒரு சாய்ந்த கோடு. இழுக்கிற இடத்தில் தண்ணீர் அலை மாதிரி ஒரு நெளிவு. சில சொற்களுக்கு மேலே ஒரு புள்ளி, சிலவற்றுக்கு இரண்டு. ஸ்வரம் தெரியாத ஒரு பெண் தனக்கென்று செய்துகொண்ட ஸ்வரக்குறிப்பு.

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சாயங்காலம் பாய் விரிப்பார்கள். பர்மா ரோட்டுப் பக்கத்து வாடகை வீடு அது. ஒரு மெழுகுவர்த்தி, சுவரில் பாடுபட்ட சுரூபம். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆறேழு பேர் வருவார்கள். இலங்கைக் குடும்பங்கள் இரண்டு மூன்று, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் மிச்சம். ஆரம்பத்தில் குரல் ஒரே மட்டத்தில் போகும். நீண்ட வாக்கியம் முழுவதும் ஒரே சுரத்தில் ஓடி, கடைசிச் சொல்லில் மட்டும் சரியும். தாய் மகனைக் கூப்பிடுகிற இடம் வந்தால் திடீரென்று மேலே ஏறி, படி படியாக இறங்கும். அந்த இறக்கத்தில்தான் எல்லோரும் மூக்கைச் சிந்துவார்கள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது எனக்கு அது ஒரு வேடிக்கை. இப்போ அழப்போறாங்க பாரு என்று அண்ணனுக்கு ஜாடை காட்டுவேன். சரியாக அங்கேயே அழுவார்கள்.

அம்மம்மாவுக்கு ஒரு மகன் இருந்தார், என் மூத்த மாமா. 1961-ல், ஏழு வயதில், நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டார். அம்மாவுக்கு அப்போது நாலு வயது. அம்மம்மா அதற்காக அழுததைத் தான் பார்த்ததே இல்லை என்று அம்மா சொல்வார். அடக்கம் முடிந்த மறுநாள் சமைத்தார், துணி துவைத்தார். மாமாவின் பள்ளிக்கூடப் பையை யாரோ கேட்டபோது எடுத்துக் கொடுத்தார். பெயரைச் சொல்லி ஒரு வார்த்தை கிடையாது. "ஆனா வெள்ளிக்கிழமை வாசிக்கேக்க அழுவா," என்றார் அம்மா. "ஆண்டவருக்காக அழுறான்னு சனம் நினைக்கும். நாங்களும் அப்பிடித்தான் நினைச்சம்."

ஒப்பாரியின் வேலையே இதுதானே. செத்த வீட்டுக்கு வந்த பெண், செத்தவரைச் சாக்காக வைத்துத் தன் செத்தவர்களையெல்லாம் அழுதுவிட்டுப் போவாள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கொன்சால்வேஸ் அதை வருடத்துக்கு ஒருமுறை நிச்சயமாக வருகிற ஒன்றாக ஆக்கிக்கொடுத்தார். பெயர் சொல்லி அழ முடியாத ஒரு தாய்க்கு, வேறொரு தாயின் வாயால் அழ ஒரு இடம். அதற்கு நாள் குறித்த இடம். அடுத்த வெள்ளி திரும்ப வரும் என்று தெரிந்த இடம்.

விவால்டியின் கதையிலும் இப்படிப் பிள்ளையை இழந்தவர்கள் இருக்கிறார்கள். அவர் வியன்னாவில் ஏழையாகச் செத்த பிறகு அவருடைய இசையை ஐரோப்பா மெல்ல மறந்தது. கைப்பிரதிகள் கைமாறிக் கைமாறி ஒரு பிரபு குடும்பத்தின் சொத்தாகி, பாகப்பிரிவினையில் இரண்டாகப் பிரிந்தன. 1926-ல் வட இத்தாலியில் சலேசியன் குருமார் நடத்திய ஒரு கல்லூரி, கையில் காசில்லாமல், தன்னிடம் இருந்த பழைய இசைப் புத்தகங்களை விற்க முடிவு செய்தது. டூரின் தேசிய நூலகத்துக்குத் தகவல் போனது. இசை ஆய்வாளர் ஆல்பெர்த்தோ ஜெந்திலி பெட்டிகளைத் திறந்தார். உள்ளே பதினான்கு தொகுதிகள் விவால்டி.

நூலகத்திடம் வாங்கப் பணமில்லை. ரொபெர்த்தோ ஃபோவா என்ற பங்குத்தரகர் பணம் கொடுத்தார். பிஞ்சிலேயே இறந்துபோன மகன் மௌரோவின் பெயரைத் தொகுப்புக்கு வைக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மீதிப் பாதி ஜெனோவாவில் இருப்பது தெரிந்தது. 1930-ல் அதை வாங்கக் காசு கொடுத்தவர் ஃபிலிப்போ ஜொர்தானோ, ஒரு ஜவுளித் தொழிலதிபர். அவரும் சின்ன மகனைப் பறிகொடுத்தவர். பிள்ளையின் பெயர் ரென்சோ. இன்றைக்கும் அந்தக் கைப்பிரதிகளுக்கு டூரின் நூலகத்தில் மௌரோ ஃபோவா தொகுப்பு, ரென்சோ ஜொர்தானோ தொகுப்பு என்றுதான் பெயர். 1939-ல் சியனா நகரத்தில் விவால்டிக்கு ஒரு வாரம் விழா எடுத்தார்கள். இன்று உலகமெங்கும் காயர்கள் பாடுகிற 'குளோரியா' அங்கேதான் மறுபடி உயிர் பெற்றது. 'ஸ்தாபாத் மாத்தர்' கேட்டதும் அதே விழாவில்தான்.

இதைப் படித்த அன்று எனக்கு அம்மம்மாவின் கொப்பிதான் நினைவுக்கு வந்தது. மகனுக்காக அழ வழி தெரியாத இரண்டு அப்பாக்கள் ஒரு பாதிரியாரின் இசையை வாங்கி வைத்தார்கள். மகனுக்காக அழ வழி தெரியாத ஒரு அம்மா இன்னொரு பாதிரியாரின் வார்த்தைகளை வாசித்தார். இவர்களுக்குப் பணம் இருந்தது, அவருக்குக் குரல் இருந்தது.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அதுதான் கொஞ்ச நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. விவால்டி காகிதத்தில் இருந்தார். காகிதம் இரண்டு நூற்றாண்டு வாய் திறக்காமல் பெட்டிக்குள் கிடக்கும். பிறகு ஒருநாள் யாராவது பிரித்தால், படிக்கத் தெரிந்த எவரும் பாடலாம். வியாகுலப் பிரசங்கத்தின் வார்த்தைகள் ஓலையிலிருந்து அச்சுக்கு வந்துவிட்டன, அவை பத்திரமாக இருக்கும். ராகம் அப்படியில்லை. அது வாயிலிருந்து காதுக்கு, காதிலிருந்து வாய்க்கு வந்தது. அதற்குப் பெட்டி கிடையாது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அது தொடரும், அங்கே ஊரே வாசிக்கிறது. ஆனால் ஒரு ஊரின் ராகம் இன்னொரு ஊரின் ராகம் இல்லை. குருநகரிலிருந்து புறப்பட்டு, பிறை ஸ்டேஷன் வழியாக வந்து, தஞ்சாவூர்ப் பெண்களோடு சேர்ந்து அழுது பழகிய ஒரு ராகம் ஜார்ஜ் டவுனில் ஒரே வீட்டில் இருந்தது. அம்மம்மா 2009-ல் போய்விட்டார். மிச்சம் இருப்பது அம்மாவின் காது.

அம்மாவுக்கு இழுப்பு. சின்ன வயதிலிருந்தே உண்டு, அறுபது தாண்டியபிறகு கூடிவிட்டது. பம்ப் எப்போதும் கைப்பையில் இருக்கும். டொராண்டோவில் இருக்கும் பெரியம்மா மகள் ஒருநாள் வாட்ஸாப்பில் கேட்டாள்: "சித்தியை ஒருக்கா வாசிக்கச் சொல்லி ரெக்கார்ட் பண்ணி அனுப்பேன். எல்லாத்தையும் டிரைவ்ல போட்டு வைப்பம்." நல்ல யோசனைதான். அம்மா மறுத்துவிட்டார். தவக்காலத்துக்கு வெளியே வீட்டில் அதை வாசித்தால் வீட்டுக்குத் துக்கம் வரும் என்பது அம்மம்மா சொல்லிவைத்தது. சரி, தவக்காலத்திலாவது? அதற்கும் தயக்கம். "மெஷினுக்கு முன்னாலை எப்பிடி? ஆருக்குச் சொல்லுறது?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வியாகுலப் பிரசங்கம் யாரிடமாவது சொல்லவேண்டிய ஒன்று. எதிரே உட்கார்ந்திருப்பவர் மூக்கைச் சிந்தினால் வாசிப்பவர் அங்கே கொஞ்சம் நிற்பார். யாராவது விம்மினால் அடுத்த வரி மெதுவாக வரும். இதை எந்தக் கருவி பதிவு செய்தாலும் ஒரு நாளின் ஒரு வாசிப்புத்தான் கிடைக்கும். அது வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பதிவு இல்லாமல் போனதை விடப் பதிவு இருப்பது நல்லது. விவால்டியை நான் கேட்டதே ஒரு பதிவில்தான். ஆனால் அந்தப் பதிவு இருப்பதற்கு முன்னால் யாரோ ஒருத்தி அதைக் கற்றுக்கொண்டு, மூச்சைப் பிடித்து, ஒரு கூட்டத்தின் முன்னால் நின்று பாடியிருக்கிறாள்.

அதனால் நான் கற்றுக்கொள்கிறேன் என்றேன். மூன்று தவக்காலம் ஆகிறது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் இருவரும் உட்காருவோம். அம்மா ஒரு வாக்கியத்தைத் தொடங்குவார், மூச்சு முட்டும் இடத்தில் விரலைத் தூக்குவார், அங்கிருந்து நான் எடுத்துக்கொள்வேன். ஆரம்பத்தில் காயரில் பழகிய குரலோடு வாசித்தேன். வயிற்றிலிருந்து மூச்சு, உருண்டையான உயிரெழுத்து, எல்லாம் சுத்தமாக. அம்மா கையை நீட்டித் தடுத்தார். "பாடாதே. பாட்டுக் கச்சேரியா இது?" அடுத்த முறை கொஞ்சம் விம்மலைச் சேர்த்தேன். "அழாதே. அழுறது கேக்கிற ஆக்கள். நீ சொல்லு."

பாடவும் கூடாது, அழவும் கூடாது, சொல்லவேண்டும். இந்த மூன்றுக்கும் நடுவில் இருக்கிற அந்தக் குரலைப் பிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. அது வந்தபிறகு 'ஸ்தாபாத் மாத்தர்' பதிவுகளையும் நான் வேறு மாதிரிக் கேட்கிறேன். சில பாடகர்கள் அழகாகப் பாடுகிறார்கள், சிலர் அழுகிறார்கள். ஒரு சிலர்தான் சொல்கிறார்கள். எனக்கு அந்த ஒரு சிலர் போதும்.

எங்கள் ஃபிளாட்டின் சுவர்கள் மெல்லியவை. போன தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி கதவைத் தட்டினார். கையில் ஒரு வெள்ளைக் கவர், துக்க வீட்டுக்குக் கொடுக்கிற காசு. யார் தவறிவிட்டார்கள் என்று மலாயில் மெல்லக் கேட்டார். அம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. யாரும் இல்லை, இது பழைய சாவு என்றார். எவ்வளவு பழையது என்று கேட்டார் ஆன்ட்டி. அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று என்றார். அம்மா அந்த ஆண்டைச் சத்தமாகச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். கவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆன்ட்டிக்குக் கோப்பி போட்டோம்.

ஒன்பதில் மூன்று பிரசங்கங்கள் எனக்கு இப்போது கொப்பி பார்த்துத் தடையில்லாமல் வருகின்றன. நாலாவதில் ஒரு பக்கம் முழுக்கச் சிவப்புப் பென்சில் குறிகள், மற்ற எந்தப் பக்கத்திலும் இல்லாத அளவுக்கு நெருக்கமாக. அதில் வட்டம் போட்ட ஒரு குறிக்கு என்ன அர்த்தம் என்று அம்மாவுக்கு மறந்துவிட்டது. டொராண்டோவில் பெரியம்மா இருக்கிறார், வயது எண்பதை நெருங்குகிறது. பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். தவக்காலம் தொடங்கட்டும், போனில் சொல்கிறேன் என்றிருக்கிறார்.